முழங்கால் மடங்கும் கோணத்தை அளக்க எந்த உணரி?

முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பின் பயிற்சி செய்பவரின் கால் எவ்வளவு மடங்குகிறது என்று அளக்க வளைவு உணரி (வளைந்தால் மின்தடை மாறும் மெல்லிய தகடு) போதுமா, கேமரா வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டும் வேண்டாம் என்பேன். வளைவு உணரி மூட்டின் மேல் நழுவும். மடங்கி மடங்கி அதன் அளவீடும் மாறும். கேமராவுக்கோ வேட்டியும் போர்வையும் எதிரிகள்.

தொடையில் ஒன்று, கீழ்க்காலில் ஒன்று என முடுக்கமானியும் சுழல்மானியும் சேர்ந்த எம்பியூ-6050 சில்லுகள் இரண்டைக் கட்டுங்கள். இரண்டின் சாய்வுக்கும் உள்ள வித்தியாசமே முழங்கால் கோணம். ஒன்றின் ஏடி0 முனையை (முகவரியைத் தீர்மானிக்கும் முனை) தரையோடும் மற்றதன் முனையை 3.3 வோல்ட்டோடும் இணைத்தால் வெவ்வேறு முகவரி கிடைக்கும். ஒரே ஐ2சி இணைப்பு (பல சில்லுகள் ஒரே இரு கம்பிகளில் தரவு அனுப்பும் முறை) போதும்.

இதிலுள்ள முடுக்கமானி புவியீர்ப்பைக் கொண்டு சாய்வைச் சொல்லும், ஆனால் கால் வேகமாக அசைந்தால் குழம்பும். சுழல்மானி சுழலும் வேகத்தைப் பிடிக்கும், ஆனால் அதன் சிறு பிழைகள் சேர்ந்துகொண்டே போகும். ஆகவே இரண்டையும் கலக்கும் நிரப்பு வடிகட்டி கட்டாயம். காந்தமானி தேவையில்லை, இரும்புக் கட்டிலுக்கு அருகில் அது பொய் சொல்லும். ஒருக்களித்துப் படுத்துச் செய்யும் பயிற்சிக்கு மட்டும் இந்த ஏற்பாடு உதவாது, அப்போது கால் மடங்கும் தளம் கிடைமட்டமாக இருப்பதால் புவியீர்ப்பு துணைக்கு வராது.

சுழல்மானிக்கு நொடிக்கு ±500 பாகை வரம்பு, நொடிக்கு 100 அளவீடு தாராளம். சில்லை விட பட்டைக்கே அதிகக் கவனம் தேவை: கீழ்க்காலில் தசையின் மேல் கட்டாமல் முன்னெலும்பை ஒட்டி இறுக்குங்கள், ஒவ்வொரு முறையும் காலை நேராக நீட்டச் சொல்லி அதையே சுழியம் என்று பதியுங்கள்.