பிட்டு துணி, பஞ்சு, பில்லு: கேள்வி-பதில்

வீட்ல குயில்ட் (பிட்டு துணிய துண்டு துண்டா இணைச்சு, உள்ள பஞ்சோ ஷீட்டோ வெச்சுத் தைக்கற போர்வை) தைக்கறவங்க கிட்டருந்து இந்த தடவ நிறைய கேள்வி வந்திருக்கு, அதனால அதையே ஒண்ணா எடுத்துக்கறேன்.

கேள்வி: கடைவீதி பக்கம் ஒரு கடையில "பியூர் காட்டன் பிட்டு"ன்னு சொல்லி அஞ்சு கிலோ மூட்டை குடுத்தாங்க. மேல இருந்ததெல்லாம் நல்ல காட்டன், உள்ள இருந்த துணியில அயர்ன் பாக்ஸ் வெச்சதும் உருகி ஒட்டிக்கிச்சு. பில் தரல. திரும்ப எடுக்கவும் மாட்டேங்கறாங்க. பாக்காம வாங்கினது என் தப்புதானா? (அம்மாப்பேட்டை, சேலம்)

பதில்: உங்க தப்பு இல்லவே இல்லக்கா. காட்டன்னு வாயால சொல்லி பாலியஸ்டர வித்தாங்க பாருங்க, தப்பு அவங்களோடது. தறி ஓடற ஊருக்குள்ளயே, தொட்டுப் பாத்தே இது என்ன நூல்னு சொல்ற மனுஷங்க இருக்கற ஊருக்குள்ளயே இப்படி நடக்குதுன்னா எனக்கு மனசு ஆறவே மாட்டேங்குது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல பில் தராம இருக்கறதே முறையற்ற வணிகம்தான், பொருளோட தரத்தப் பத்தி பொய் சொல்றதும் அப்படித்தான். குறை இருக்கற பொருள பில்லுல போட்ட கெடுவுக்குள்ள, அப்படி எதுவும் போடலன்னா 30 நாளைக்குள்ள, திரும்ப எடுக்க மாட்டேன்னாலும் அதே சட்டம்தான், "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது"ன்னு செவுத்துல எழுதி மாட்டிட்டா தப்பிச்சிட முடியாது. ஜிபேல பணம் போட்டிருந்தா அந்த ஸ்கிரீன்ஷாட், மூட்டையோட போட்டோ, உருகின துணி எல்லாத்தையும் பத்திரமா வெச்சுக்கிட்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணுங்க. அதுலயும் சரியாகலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல மனு குடுக்கலாம், குடுத்த விலை 5 லட்சத்துக்குள்ளன்னா கட்டணமே கிடையாது. கொஞ்ச ரூபாதானேன்னு நாம விட்டுடறதுனாலதான் அடுத்த மூட்டையும் இதே மாதிரி கட்டறாங்க.

அடுத்த தடவ வாங்கறப்போ மூட்டையோட நடுவுலருந்து ரெண்டு நூல் உருவி, எவர்சில்வர் தட்டு மேல வெச்சு கொளுத்திப் பாருங்க. காட்டன்னா காகிதம் எரியற வாசனை வரும், சாம்பல் விரல்ல பொடியாகிடும். பாலியஸ்டர்னா சுருங்கி உருகி கெட்டி மணியா நிக்கும். நல்ல கடைக்காரர் இதுக்கு கோவிச்சுக்க மாட்டாரு.

கேள்வி: குளிருக்கு குயில்ட் உள்ள இலவம்பஞ்சு போடலாமா, பாலியஸ்டர் நார்ல செஞ்ச ஃபைபர் ஷீட்டா? (ஏற்காடு)

பதில்: தலகாணிக்கு இலவம்பஞ்ச விட்டா வேற எதுவும் எனக்குப் புடிக்காது, ஆனா குயில்ட்டுக்கு வேணாம், தொவைச்சா ஒரு மூலையில போய் கட்டி கட்டியா சேந்துக்கும். கனமான காட்டன் பஞ்சு ஷீட் நல்லாத்தான் இருக்கும், ஆனா உங்க ஊர் 1500 மீட்டர் ஒசரத்துல மழையும் பனியுமா இருக்கு, தொவைச்சா லேசுல காயாது. மெல்லிசான ஃபைபர் ஷீட் போதும், இல்லன்னா பழைய காட்டன் பெட்ஷீட் ரெண்டு வெச்சு நெருக்கமா தையல் ஓட்டுங்க. ஷீட்ட வாங்கறப்போ மேல்பக்கத்த உள்ளங்கையால தேய்ச்சுப் பாருங்க, நார் கையோட வந்தா அத தொடாதீங்க. ஒரு கடையில முதல் தரம்னு சொல்லி எனக்கு வித்த ஷீட்டு, ஒரே தொவைப்புக்கு தையல் ஓட்டை வழியா நார் நாரா வெளிய வந்துடுச்சு, பெரியம்மாவோட சுங்குடிச் சேலைங்களப் பிரிச்சுத் தச்ச போர்வை அது, இன்னைக்கும் நெனச்சா வயிறு எரியுது.

கேள்வி: ரோட்டரி கட்டர் (துணி வெட்டற சக்கர பிளேடு), பெரிய கட்டிங் மேட், டெம்ப்ளேட் (வடிவ அச்சு) செட்டு எல்லாம் வாங்கிட்டேன். இன்னும் தைக்க ஆரம்பிக்கல. 200 வகை தையல் போடற கம்ப்யூட்டர் மெஷின் ஆஃபர்ல இருக்கு, வாங்கலாமா? (ஃபேர்லேண்ட்ஸ்)

பதில்: கூடாது. துண்டு இணைக்க நேர் தையல் ஒண்ணு போதும், அதுக்கு வீட்ல இருக்கற கால் மெஷினே ஜோரா ஓடும். வாங்கின கட்டர முதல்ல டப்பாவ விட்டு வெளிய எடுங்க, மெஷின் கதைய அப்புறம் பேசுவோம்.

கேள்வி: அப்பாவோட பழைய வெண்பட்டு வேட்டியையும் காட்டன் பிட்டையும் சேத்து தைக்கலாமா? (குகை)

பதில்: வேணாம். ரெண்டும் சுருங்கறது வேற வேற அளவு, காட்டன தொவைக்கற மாதிரி பட்ட தொவைக்கவும் முடியாது. பட்ட மட்டும் வெச்சு சின்னதா ஒண்ணு தைங்க.

கேள்வி: ஒண்ண முடிக்கறதுக்குள்ள புது டிசைன் கண்ணுல பட்டுடுது, உடனே அதுக்கு துணி வாங்கப் போயிடறேன். அலமாரி முழுக்க பாதி வேலை. இதுக்கு போய் வீட்ல திட்டறாங்க. (அஸ்தம்பட்டி)

பதில்: கலர பக்கத்துல பக்கத்துல வெச்சு மாத்தி மாத்திப் பாக்கற அந்த சொகம் இருக்கே, அதுல சாயங்காலம் போனதே தெரியாது, குக்கர் எத்தன விசில் விட்டுச்சுன்னும் தெரியாது. அத நான் குத்தம் சொல்லவே மாட்டேன், வீட்ல இருக்கறவங்களும் சொல்ல வேணாம். ஆனா கையில டிசைனும் அளவும் இல்லாம துணிக்கடைக்குப் போகாதீங்க. ஒவ்வொரு துண்டுக்கும் சுத்தி கால் இன்ச் தையலுக்கு விடணும், சுருங்கறதுக்கு கொஞ்சம் சேத்துக்கணும், அவ்ளோதான் கணக்கு, அதுக்கு மேல ஒரு மீட்டர் கூட வேணாம். வாங்கினத அன்னைக்கே அலசிக் காயப் போடுங்க, குறிப்பா செவப்பையும் கருநீலத்தையும், இல்லன்னா பின்னாடி சாயம் போய் பக்கத்து வெள்ளைய நாசம் பண்ணிடும்.

கேள்வி: ஆன்லைன்ல "கைத்தையல் பேட்ச்வொர்க்"னு ஒரு குயில்ட் வந்திருக்கு. நெஜமா கைவேலையான்னு எப்படித் தெரியும்? (ஆத்தூர்)

பதில்: ஒவ்வொரு துண்டும் சேர்ற எடத்த விரலால தடவுங்க, மடிப்பு தட்டுப்படலன்னா அது துண்டு சேத்த மாதிரி அடிச்ச பிரிண்ட்டு, இன்னைக்கே ரிட்டர்ன் போடுங்க.