யாரைப் பாத்து டிஸ்க் எறியக் கத்துக்கலாம்?

கேள்வி: டிஸ்க் கோல்ஃப் (தட்டு மாதிரி டிஸ்க்க எறிஞ்சு, குறைஞ்ச எறியல பாஸ்கெட்டுக்குள்ள, அதாவது கூடைக்குள்ள, போடற ஆட்டம்) ஆட ஆரம்பிச்சு ஆறு மாசம் ஆகுது. சைமன் லிசாட் வீடியோவா பாத்துட்டு அவர மாதிரியே முழு வேகத்துல எறியறேன், இப்ப தோள் வலிக்குது, தூரமும் 70 மீட்டர தாண்ட மாட்டேங்குது. கூட ஆடறவங்க ஆளுக்கொரு பேரு சொல்றாங்க, பால் மெக்பெத்த பாரு, பெய்ஜ் பியர்ஸ பாருன்னு. நான் யார ஃபாலோ பண்ணட்டும்? மெக்பெத் பேர் போட்ட டிரைவர், அதான் தூரமா எறியற டிஸ்க், ஒண்ணு வாங்கினா தூரம் வருமா?

பதில்: முதல்ல தோள். வலியோட எறியாதீங்க, ரெண்டு வாரம் ரெஸ்ட் குடுத்தும் போகலன்னா டாக்டர்கிட்ட காட்டிருங்க. ஈகிள் மெக்மேன் எவ்ளோ பெரிய ஆட்டக்காரர், அவரே தோள் காயத்தால மாசக்கணக்கா ஆட முடியாம உக்காந்திருந்தவர்தான்.

சைமன எனக்கும் ரொம்பப் பிடிக்கும். ஜெர்மனிக்காரர், மத்தவங்க கண்ணுக்கே தெரியாத ஒரு வழிய மரத்துக்கு நடுவுல கண்டுபிடிச்சு டிஸ்க்க வளைச்சு கொண்டுபோவார், ஆடறப்ப அவர் முகத்துல தெரியற சந்தோஷம் பாக்கற நமக்கும் வந்துரும், ரசிகர்கள் அவர்மேல உயிரா இருக்கறதுக்கு அதான் காரணம். ஆனா 2014ல அவர் 263 மீட்டர் எறிஞ்சு ரெக்கார்ட் போட்டாரே, அது பாலைவனத்துல, காத்து பின்னாடி இருந்து தள்ள, தூரத்துக்குன்னே நடத்தின போட்டி. டோர்னமென்ட்ல யாரும் அப்படி எறியறதில்ல. அத பாத்துட்டு நாம கையால பலத்த காட்டறோம், அங்கதான் தப்பாகுது.

நீங்க எறியறத பாக்காமலே ஒண்ணு சொல்றேன், உங்க டிஸ்க் நெஞ்சுக்கு குறுக்க நேரா வராம உடம்ப சுத்தி வளைஞ்சு வருதுன்னு நினைக்கறேன். புதுசா ஆடறவங்கள்ல முக்காவாசி பேருக்கு இதான். அப்படி சுத்தி வந்தா இடுப்போட வேகம் டிஸ்க்குக்கு போகாது, மொத்த பாரமும் தோள்மேல விழும். முன்கால் ஊனணும், அப்புறம் இடுப்பு திரும்பணும், தோள் அதுக்குப் பின்னால வரணும், கை கடைசிதான். இன்னொண்ணு டிஸ்க்கோட முன் விளிம்பு தூக்கிட்டு இருந்தா அது மேல ஏறி அப்படியே நின்னு விழுந்துரும், எவ்ளோ பலமா எறிஞ்சாலும் தூரம் வராது.

இத கத்துக்க நான் காட்டற ஆளு கிறிஸ்டின் டட்டார். எஸ்டோனியாக்காரங்க, 2022லயும் 2023லயும் உலக சாம்பியன். அவங்க எறியறத ஸ்லோ மோஷன்ல பாருங்க, அவசரமே இருக்காது, கடைசி நொடி வரைக்கும் கை தளர்வா இருக்கும், டிஸ்க் மட்டும் படார்னு கிளம்பும். பெய்ஜ் பியர்ஸ் வேற மாதிரி, 2011ல இருந்து 2019க்குள்ள 5 தடவ உலகப் பட்டம் ஜெயிச்சவங்க, எந்த ஷாட்டுக்கும் பயப்படாம அடிச்சு ஆடறவங்க, பெண்கள் ஆட்டத்த பல பேர் உக்காந்து பாக்க ஆரம்பிச்சதுல அவங்களுக்கு பெரிய பங்கு இருக்கு. அந்த துணிச்சல ரசிங்க, ஆனா தோள் சரியாகற வரைக்கும் காப்பி அடிக்க டட்டார்தான்.

புட்டிங்குக்கு, அதாவது கிட்டேர்ந்து பாஸ்கெட்டுக்குள்ள போடறதுக்கு, ரிக்கி வைசாக்கி. 2016, 2017 ரெண்டு வருஷமும் உலக சாம்பியன், அப்புறம் லைம் நோய் (உண்ணி கடிச்சு வர்றது) வந்து உடம்பு ஓஞ்சு போயும் மீண்டு வந்து ஜெயிச்சவர், அதனாலயே அவர நேசிக்கறவங்க நிறைய. பாஸ்கெட்ட சுத்தி 10 மீட்டருக்குள்ள புட் பண்ணா, போட்டதுக்கப்புறம் பேலன்ஸோட நின்னு காட்டணும், முன்னாடி கால் வைக்கக் கூடாதுன்னு ரூல் இருக்கு இல்லையா, அந்த எடத்துல அவர் காலயும் இடுப்பயும் மட்டும் பாருங்க, டிஸ்க்க பாக்காதீங்க. மரங்களுக்கு நடுவுல குறுகலான பாதைல ஆடறீங்கன்னா ஐசக் ராபின்சனையும் சேத்துக்கோங்க, 2023, 2024 உலக சாம்பியன், தூரத்த விட நேர்தான் முக்கியம்னு அவர் ஆட்டமே சொல்லும்.

இப்ப மெக்பெத். ஏன் எல்லாரும் அவர் பேர சொல்றாங்கன்னா 6 உலகப் பட்டம், 2018ல ஒரே ரவுண்டுல 18 அண்டர் பார் (ஆட்டத்துக்குன்னு வச்ச கணக்க விட 18 எறி கம்மி), 2021ல டிஸ்கிராஃப்ட் கம்பெனியோட 10 வருஷத்துக்கு 1 கோடி டாலர் ஒப்பந்தம். பட்டக் கணக்குன்னு பாத்தா கென் கிளைமோ 12 வச்சிருக்கார், 1990ல இருந்து 1998 வரைக்கும் விடாம 9, அத யாரும் கிட்ட கூட நெருங்கல. ஆனா மெக்பெத்த நான் மதிக்கறது இந்த எண்களுக்காக இல்ல. 2021 உலகப் போட்டி, யூட்டா மாநிலம் ஆக்டன், கடைசி ஹோல், மெக்பெத் ஒரு ஷாட் முன்னால இருக்கார், ஜேம்ஸ் கான்ராட் 75 மீட்டர் தூரத்துல நிக்கறார், அங்கேர்ந்து நேரா பாஸ்கெட்டுக்குள்ள போட்டாதான் சமமாகி பிளேஆஃப், அதாவது ஜெயிச்சது யாருன்னு முடிவு பண்ற கூடுதல் ஆட்டம். போட்டுட்டார். கூட்டம் கத்தின கத்து இன்னைக்கு கேட்டாலும் எனக்கு சிலிர்க்குது. பிளேஆஃப்லயும் கான்ராட்தான் ஜெயிச்சார். கைக்கு வந்த பட்டம் அப்படி போனதுக்கப்புறம் அடுத்த வருஷமே எம்போரியால மறுபடி பிளேஆஃப் வரைக்கும் வந்து, ஆரன் காசேஜ ஜெயிச்சு ஆறாவது பட்டம் எடுத்தார் மெக்பெத். ரெண்டு ஃபைனலயும் அடுத்தடுத்து பாருங்க, ஷாட் எப்படின்னு பாக்காம, ஒரு ஷாட் தப்பினதும் அடுத்த ஷாட்டுக்கு முன்னாடி அவர் என்ன பண்றார்னு பாருங்க. எதுவும் பண்ண மாட்டார், எப்பவும் எடுக்கற அதே நேரம், அதே மூச்சு.

டிரைவர் விஷயத்துக்கு வரேன். மெக்பெத் பேர்ல வர்ற ஸீயஸ் டிரைவருக்கு வேக எண் 12, ரொம்ப வேகமா எறிஞ்சாதான் சரியா பறக்கும், உங்க கை வேகத்துக்கு அது பறக்கறதுக்கு முன்னாடியே பக்கத்துல சாஞ்சு விழுந்துரும், அத தாண்ட வைக்கணும்னு இன்னும் பலமா எறிவீங்க, தோள் இன்னும் கெடும். அவர் பேர் வேணும்னு ஆசையா இருந்தா லூனா புட்டர் (மெதுவா பறக்கற, கிட்டேர்ந்து போடற டிஸ்க்) வாங்குங்க, பேர் போட்ட டிஸ்க் வாங்கினா அந்த ஆட்டக்காரருக்கும் ஒரு பங்கு போகும், அது நல்லதுதான். வலி போனதும் ஓட்டம் இல்லாம நின்ன எடத்துலருந்து அந்த புட்டரயே ஒரு மாசம் எறிங்க, 50 மீட்டருக்கு நேரா போகுதான்னு மட்டும் கவனிங்க. கான்ராட் 75 மீட்டர்லருந்து உள்ள போட்டதும் டிரைவர் இல்லங்க, என்விங்கிற ஒரு புட்டர்தான்.