மாட்டுக் கொலாஜனை உடம்பு தள்ளிவிடாதா?

கேள்வி: என் கணவருக்கு வயது 46. கொதிக்கும் எண்ணெய் கொட்டியதில் வலது முழங்கையின் உட்புறம் ஆழமான புண். வெந்த தோலை நீக்கிவிட்டு, மாட்டின் தசைநாணிலிருந்து எடுத்த கொலாஜன் என்ற புரதத்தில் செய்த செயற்கைத் தோலை வைப்பார்களாம். மூன்று வாரம் கழித்து இன்னொரு ஆபரேஷன் செய்து தொடைத் தோலை அதன்மேல் ஒட்டுவார்களாம். மாட்டுப் பொருளை உடம்பு ஏற்குமா? கடைசிவரை உள்ளேயே இருக்குமா? எதற்கு இரண்டு ஆபரேஷன்? கொலாஜன் பவுடர் குடித்தால் பயன் உண்டா?

பதில்: ‘செயற்கைத் தோல்’ என்ற பெயர்தான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். அவர்கள் வைக்கப்போவது தோல் அல்ல, சாரம். கட்டட வேலையில் கொத்தனார் ஏறி நிற்கச் சாரம் கட்டுவார்களே, அதேதான். ஒரு வித்தியாசம்: அங்கே வேலை முடிந்ததும் சாரத்தை அவிழ்க்க ஆள் வேண்டும். இங்கே அதில் ஏறி வேலை பார்க்கும் செல்களே அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிட்டு, அந்த இடத்தில் உங்கள் கணவரின் சொந்தக் கொலாஜனை நிரப்பிவிடும். ஆகவே, கடைசிவரை உள்ளே இருக்காது.

சரி, ஏற்குமா? உடம்பு முக்கியமாக எதிர்ப்பது அந்நிய செல்களை. அவற்றின் மேலுள்ள அடையாளங்களைப் பார்த்துத்தான் நோய் எதிர்ப்பு மண்டலம் சண்டைக்குப் போகிறது. சாரமாக வைக்கும் இந்தத் தகட்டில் செல்லே கிடையாது. சுத்திகரித்த கொலாஜனோடு, சுறாவின் குருத்தெலும்பிலிருந்து எடுத்த ஒரு சர்க்கரைப் பொருளைச் சேர்த்திருப்பார்கள். கொலாஜன் நமக்குப் புதிதல்ல. நம் உடம்புப் புரதத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதுதான். மூன்று புரி முறுக்கிய கயிறு போன்ற அதன் அமைப்பு மாட்டுக்கும் மனிதருக்கும் பெரிதாக வேறுபடுவதில்லை. செல்கள் பற்றிக்கொள்ளும் பிடிகளும் அதிலேயே உண்டு.

ஒவ்வாமையே வராது என்று சொல்லமாட்டேன். முகச் சுருக்கத்துக்கு மாட்டுக் கொலாஜன் ஊசி போட்ட காலத்தில் சுமார் 3 சதவீதம் பேருக்கு ஒவ்வாமை தெரிந்தது; அதனால் முதலில் கையில் சோதனை ஊசி போட்டுப் பார்ப்பார்கள். உங்கள் கணவருக்கு அப்படி ஏதாவது முன்பு வந்திருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். மாட்டுப் பொருள் கூடாது என்ற நம்பிக்கை இருந்தாலும் ஆபரேஷனுக்கு முன்பே பேசுங்கள், பின்னால் வருந்தும்படி வேண்டாம்.

இப்போது இரண்டு ஆபரேஷன். இந்தத் தகட்டை உருவாக்கியவர்கள் ஜான் பர்க் என்ற தீப்புண் அறுவை மருத்துவரும் அயோனிஸ் யானஸ் என்ற பேராசிரியரும். நீர் கசியாமல், கிருமி நுழையாமல் புண்ணை மூட ஒரு நல்ல உறை வேண்டும் என்றுதான் ஆரம்பித்தார்கள். ஆனால் அடியில் வெறும் தழும்புக்குப் பதிலாக உள்தோல் போன்ற திசு வளர்ந்தது. 1981இல் நோயாளிகளிடம் கண்ட பலனை வெளியிட்டார்கள். 1996இல் அமெரிக்க அரசு அனுமதித்தது.

தகட்டில் இரண்டு அடுக்கு. அடியில் கொலாஜன் பஞ்சு. அதன் துளைகள் தலைமுடிப் பருமன் அளவுதான். துளை ரொம்பச் சின்னதென்றால் செல் நுழையாது, ரொம்பப் பெரிதென்றால் பற்றிக்கொள்ளப் பரப்பு போதாது. மேலே ரப்பர் போன்ற மெல்லிய சிலிகோன் படலம், அது தற்காலிக மேல்தோல். வைத்ததும் பஞ்சு ரத்தத்தை உறிஞ்சிச் சிவக்கும். கட்டுப் பிரிக்கும்போது சிலிகோன் வழியாக நீங்களே பார்க்கலாம்: சிவப்பு இளஞ்சிவப்பாகி, மூன்றாவது வாரம் போல வெளிர் மஞ்சளுக்கு வரும். உள்ளே ரத்தக் குழாய்கள் புகுந்து புதுத் திசு நிரம்புவதன் அறிகுறி அது. ஆனால் மேல்தோல் செல்களை இந்தச் சாரம் தராது. அப்புறம்தான் சிலிகோனை உரித்துவிட்டு, தொடையிலிருந்து மிக மெல்லிய தோலைச் சீவி ஒட்டுகிறார்கள்.

முதலிலேயே தொடைத் தோலை ஒட்டினால் என்ன என்பீர்கள். மெல்லிய தோலை மூட்டு மடிப்பில் நேராக ஒட்டினால் சுருங்கி இழுக்கும், கை நீளாது. தடிமனாக எடுத்தால் தொடையில் இன்னொரு பெரிய புண். அடியில் உள்தோல் தயாராக இருந்தால் மெல்லிய தோலே போதும். என்றாலும் சுருக்கம் அறவே வராது என்றில்லை. கையை நீட்டி வைக்கும் பட்டையையும் பிசியோதெரபியையும் விடக்கூடாது. புதுத் தோலில் வியர்வைச் சுரப்பியும் முடியும் வராது, எண்ணெய்ப் பசை இருக்காது, மாய்ஸ்சரைசர் தடவ வேண்டும்.

நான் பயப்படுவது மாட்டுக்கு அல்ல, கிருமிக்கு. முதல் நாட்களில் அந்தப் பஞ்சுக்கு ரத்த ஓட்டமே இல்லை. உள்ளே போன கிருமியைத் தடுக்க ஆளில்லை. துர்நாற்றம், காய்ச்சல், சிலிகோனுக்கு அடியில் நீர் கோப்பது, ஓரம் தூக்குவது, இவற்றில் எது தெரிந்தாலும் மறுநாள் பார்க்கலாம் என்று விடாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பவுடர் விஷயம். குடிக்கும் கொலாஜனை வயிறும் குடலும் அமினோ அமிலங்களாக உடைத்துவிடும். அது முழுசாக முழங்கைக்குப் போய்ச் சேராது. புண் ஆற நிறையப் புரதம் வேண்டும் என்பது உண்மை, அதைச் சாப்பாட்டிலேயே கொடுக்கலாம். உடம்பு கொலாஜன் செய்ய வைட்டமின் சி தேவை என்பதால் பழங்களும் கொடுங்கள். சர்க்கரை இருந்தால் கட்டுக்குள் வையுங்கள். சிகரெட் பிடிப்பவர் என்றால் அதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். பஞ்சுக்குள் புகவேண்டிய ரத்தக் குழாய்களுக்கு முதல் எதிரி அதுதான்.