ரூஃப் கான்கிரீட் போடும்போது கம்பியைக் கொக்கியால் தூக்கிவிட்டால் போதாதா? கவர் பிளாக் கட்டாயமா?

காங்கேயம் பக்கம் வீடு கட்டுகிறவர் கேட்டிருக்கிறார். கம்பியைச் சென்ட்ரிங் ஷீட் மேலேயே விரித்துக் கட்டிவிட்டு, கான்கிரீட் கொட்டக் கொட்டக் கொக்கியால் தூக்கிவிட்டுக்கொள்ளலாம் என்று மேஸ்திரி சொல்கிறாராம்.

போதாதுங்க. முதல் சட்டி விழுவதற்கு முன்பே கம்பி அதனதன் உயரத்தில் நின்றாக வேண்டும். அதற்குக் கம்பிக்கடியில் வைக்கிற சின்னக் கட்டைதான் கவர் பிளாக். பெருந்துறை, சென்னிமலைப் பக்கம் சைட் பார்க்கிறவன் நான். இந்தத் தூக்கிவிடும் வேலையைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள்: தூக்குகிற ஆளே அந்தக் கம்பியின் மேல்தான் நிற்பார். அவர் நகர்ந்ததும் அடுத்த சட்டி அதே இடத்தில் விழும், கொண்டுவந்தவர் மிதித்துக்கொண்டு போவார். கடைசியில் கம்பி எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

5 அங்குலத் தளம் என்றால் 125 மி.மீ. அடியில் கவர், அதாவது கம்பிக்குக் கீழே நிற்கிற கான்கிரீட்டின் கனம், 20 மி.மீ. அதோடு 10 மி.மீ. கம்பியில் பாதி 5. மேல்மட்டத்திலிருந்து கம்பியின் நடுவுக்கு 100 மி.மீ. ஆழம் மிஞ்சுகிறது. தளத்தின் பலம் இந்த ஆழத்தில்தான் இருக்கிறது. கொக்கியில் ஓர் அங்குலம் அதிகமாக இழுத்துவிட்டால் அது 75 ஆகிவிடும். காசு போட்டு வாங்கிய பலத்தில் ஏறக்குறைய கால் பங்கு போச்சு. தூக்காமல் விட்ட இடத்தில் வேறு தொல்லை. கம்பி ஷீட்டோடு ஒட்டிக் கிடக்கும், அடியில் கான்கிரீட் போகாது. பிறகு துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிட அதிக இடம் கேட்பதால் அடிக் கான்கிரீட்டைப் பெயர்த்துத் தள்ளிவிடும்.

நொய்யலை ஒட்டிய ஊர்களில் இன்னொன்றையும் பார்க்கணும். பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு, அதுவும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு உள்ள தண்ணீர் ஆகாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456. தண்ணீரை ஒருமுறை லேபில் கொடுத்துப் பாருங்கள், உப்பு அதிகம் என்றால் லாரித் தண்ணீர் வாங்கிவிடுங்கள்.

கவர் பிளாக்கை 3 அடிக்கு ஒன்றாவது வைத்துக் கம்பியோடு கட்டச் சொல்லுங்கள். ஜல்லிக்கல்லையும் ஓட்டுத்துண்டையும் சொருகுவது வேண்டாம், ஆள் நடந்தால் நழுவிவிடும். அறையின் குறுகிய பக்கமாகப் போகிற கம்பிதான் அடியில் வரணும், நீளப்பக்கக் கம்பி அதன் மேல். 12க்கு 16 அறை என்றால் 12 அடிக் கம்பி கீழே.

இவ்வளவும் அடிக் கம்பி. எனக்குப் பயமெல்லாம் மேல் கம்பியில்தான். பால்கனியும் சன்ஷேடும் ஒரு பக்கம் மட்டுமே பிடிமானத்தில் நிற்பவை. பாரம் ஏறினால் அவற்றின் மேல்புறம்தான் இழுபடும். அதனால் மெயின் கம்பி மேலே இருக்கணும், உள் தளத்துக்குள் போதிய நீளம் போயிருக்கவும் வேண்டும். கான்கிரீட் போடும்போது நாலு பேர் மிதித்து அது அடிக்குப் போய்விட்டால், எத்தனை கம்பி போட்டிருந்தாலும் போடாத கணக்குதான். சென்ட்ரிங் பிரிக்கும்போதே விழலாம். உள்ளே பீம் மேல் வரும்படி மேல்நோக்கி வளைத்துவிட்ட கிராங்க் கம்பியும் மிதிபட்டுத் தாழும், அங்கே தளத்தின் மேல் வெடிப்பு விடும். துண்டுக் கம்பியை வளைத்துச் செய்யும் சேர் வைத்து மேல் கம்பியை நிறுத்துங்கள். ஆட்கள் நடக்கப் பலகை போடச் சொல்லுங்கள்.

கான்கிரீட் அன்று வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் ஆட்களுக்குப் பிரியாணி வந்துவிட்டதா என்ற கவலையில் இருப்பார்கள். அதை வேறு யாரிடமாவது விட்டுவிட்டு நீங்கள் மேலே நில்லுங்கள். கம்பி கட்டியவர்களில் ஒருவரை, தாழ்ந்ததை அங்கங்கே சரிசெய்ய, கடைசி வரை இருக்கச் சொல்லிக் கூலி பேசிக்கொள்ளுங்கள். முதல் நாளே டேப்பும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு கம்பிக்கடியில் அளந்து போட்டோ எடுத்து வையுங்கள். மேஸ்திரி முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

ஷீட் பிரித்த பிறகு அடியில் கம்பி தெரிந்தால், 'பூசினால் சரியாகிவிடும்' என்று உடனே மூட விடாதீர்கள். முதலில் உங்கள் இன்ஜினியரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.