பாஸ்தாவும் கறியும்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

தினசரிச் சமையலில் கறியும் பாஸ்தாவும் சேரும் இடத்தில் என்ன சந்தேகம் இருந்தாலும் கேட்கச் சொல்லியிருந்தேன். நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: பாஸ்தாவுக்கு எப்போதும் கோழி நெஞ்சுக்கறிதான் போடுகிறேன். ஒவ்வொரு முறையும் ரப்பர் மாதிரி ஆகிவிடுகிறது. என்ன செய்ய?

தொடைக்கறிக்கு மாறுங்கள். நெஞ்சுக்கறியில் கொழுப்பு மிகக் குறைவு, சூடு கொஞ்சம் கூடினாலே சாறு வெளியேறி வறண்டுவிடும். தொடைக்கறியில் கொழுப்பும் இணைப்புத் திசுவும் இருப்பதால் பத்து நிமிடம் கூடுதலாகக் கொதித்தாலும் மென்மையாகவே இருக்கும்.

நெஞ்சுக்கறிதான் வேண்டும் என்றால் அதைச் சாஸில் கொதிக்க விடாதீர்கள். முழுசாக, தனியாக வாணலியில் சுட்டு, தடித்த இடத்தில் உள்சூடு 74 டிகிரி செல்சியஸ் வந்ததும் எடுத்துவிடுங்கள். ஐந்து நிமிடம் அப்படியே வைத்துவிட்டு, பிறகு நறுக்கி, பரிமாறும்போது மேலே சேருங்கள். சமையல் வெப்பமானி ஒன்று வாங்கிக்கொண்டால் இந்தப் பிரச்சினையே வராது.

கேள்வி: அக்கா, கொத்துக்கறி சாஸ் என்றாலே ஸ்பகெட்டிதானே? அது சரியில்லை என்று ஒருவர் சொன்னார்.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. இந்தச் சாஸுக்கு ‘போலோனேஸ்’ என்ற பேரைக் கொடுத்த இத்தாலியின் போலோன்யா நகரில் இதை ஸ்பகெட்டியோடு சாப்பிடுவது வழக்கமில்லை. முட்டை சேர்த்துப் பிசைந்த, பட்டையான தாலியத்தெல்லேதான் அங்கே இதற்கு ஜோடி. வெந்த பிறகு அந்தப் பட்டையின் அகலம் 8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்று 1972இல் அந்த ஊர் வணிகச் சபையில் பதிவே செய்து வைத்திருக்கிறார்கள். கறிச் சாஸின் செய்முறையும் 1982இல் அங்கே பதிவானது. மாட்டுக்கறி, பான்செட்டா என்ற உப்பிட்ட பன்றிக்கறி, வெங்காயம், கேரட், செலரி, கொஞ்சம் தக்காளி, ஒயின், பால் எல்லாம் அதில் உண்டு. பூண்டு கிடையாது. தக்காளியும் நாம் நினைப்பதைவிடக் குறைவு, அது அடிப்படையில் கறிச் சாஸ்.

ஸ்பகெட்டி ஏன் பொருந்தாது என்பது தட்டைப் பார்த்தாலே தெரியும். வழுக்கும் மெல்லிய உருண்டை இழையில் கறித்துகள் ஒட்டாது. இழையைச் சாப்பிட்டு முடித்த பிறகு கறி முழுக்க அடியில் கிடக்கும். பட்டையான பாஸ்தாவில் கறி ஒட்டும். ரிகடோனி மாதிரி வரிபோட்ட குழாய் என்றால் குழாய்க்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளும். உங்கள் வீட்டில் ஸ்பகெட்டிதான் பிடிக்கும் என்றால் தாராளமாகச் செய்யுங்கள், கறியை இன்னும் பொடியாகக் கொத்தி, சாஸை இழையோடு வாணலியிலேயே புரட்டிவிடுங்கள். வெறும் பாஸ்தாவைத் தட்டில் கொட்டி நடுவில் சாஸை ஊற்றுவதை மட்டும் விட்டுவிடுங்கள்.

இந்தச் சாஸில் பெரும்பாலானோர் கோட்டைவிடுவது முதல் பத்து நிமிடத்தில்தான். கொத்துக்கறியை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து, சின்னப் பாத்திரத்தில் மொத்தமாகக் கொட்டினால் அது தண்ணீர் விட்டு அவிந்து சாம்பல் நிறமாகிவிடும். அகலமான வாணலி, நல்ல சூடு, கறியைப் பரப்பிவிட்டு அடிக்கடி கிளறாமல் காத்திருப்பது, இவ்வளவுதான் வேண்டும். தண்ணீர் முழுக்க வற்றிய பிறகுதான் சூடு 140 டிகிரியைத் தாண்டும், கறி பொன்னிறமாகச் சிவக்கும், அந்த வறுத்த மணமும் அப்போதுதான் வரும். பிறகு காய்களும் மற்றதும் சேர்த்து, மிகக் குறைந்த தீயில் இரண்டு மணி நேரமாவது விடுங்கள். அவசர நாளில் அரை மணி நேரத்திலும் சாப்பிடக்கூடிய சாஸ் வரும், ஆனால் அது வேறு சாஸ்.

கேள்வி: பாஸ்தா வேகும் தண்ணீரில் எண்ணெய் விட்டால் ஒட்டாதாமே?

எண்ணெய் மேலே மிதக்கும், பாஸ்தா கீழே ஒட்டிக்கொண்டிருக்கும். போட்ட முதல் இரண்டு நிமிடம் நன்றாகக் கிளறுங்கள், அது போதும். 100 கிராம் பாஸ்தாவுக்கு 1 லிட்டர் தண்ணீர், 10 கிராம் வரை உப்பு. சாஸில் உப்பான சீஸோ, பேக்கன் என்ற உப்பிட்டுப் புகையூட்டிய பன்றிக்கறியோ இருந்தால் உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எத்தனை நிமிடம் வேக வைப்பது? எனக்கு ஒன்று குழைகிறது, இல்லையென்றால் நறுக்கென்று இருக்கிறது.

பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே ஒன்றை எடுத்துக் கடித்துப் பாருங்கள். நடுவில் மெல்லிய வெள்ளைப் புள்ளி தெரிந்தால் எடுக்க வேண்டிய நேரம். மீதி வேக்காடு சாஸில் நடக்கட்டும்.

வடிக்கும் முன் ஒரு கப் தண்ணீரை எடுத்து வைக்க மறக்காதீர்கள். அதில் பாஸ்தாவின் மாவுச்சத்து கரைந்திருக்கிறது, அதுதான் கொழுப்பையும் நீரையும் பிரியவிடாமல் சாஸைப் பளபளப்பாகச் சேர்த்துப் பிடிக்கும். சாஸும் பாஸ்தாவும் ஒரு நிமிடமாவது ஒன்றாகக் கொதித்தால்தான் அது ஒரே உணவு. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் செய்து பார்ப்பேன் என்றால் இதைச் செய்து பாருங்கள்.

கேள்வி: ஆட்டுக்கறி, மாட்டுக்கறியைத் துண்டாகவே போடலாமா?

போடலாம். எனக்குக் கொத்துக்கறியைவிட இதுதான் பிடிக்கும். தோள், கால் தண்டு மாதிரி உழைத்த தசைகளாகப் பார்த்து வாங்குங்கள். அவற்றில் இருக்கும் கொலாஜன் நீண்ட நேரம் மெல்லக் கொதிக்கும்போது கரைந்து ஜெலட்டின் ஆகும், சாஸும் தானாகக் கெட்டிப்படும். தளதளவென்று கொதிக்கவிட்டால் கறி நார்நாராக வறண்டுபோகும். வெந்ததும் கரண்டியாலேயே பிய்த்துவிட்டு, அகலமான பப்பர்தெல்லேயோ ரிகடோனியோ சேருங்கள். இடுப்புப் பகுதியின் மென்மையான விலை கூடிய துண்டுகளை இதற்கு வாங்காதீர்கள், வீண்.

கேள்வி: மாட்டுக்கறித் துண்டை நடுவில் சிவப்பாக விட்டுச் சாப்பிடுகிறார்கள். மீட்பால்ஸ் என்ற கொத்துக்கறி உருண்டைகளையும் அப்படி விடலாமா? அந்த ரத்தம் பரவாயில்லையா?

முதலில், அது ரத்தம் இல்லை. தசையில் இருக்கும் மையோகுளோபின் என்ற புரதம் நீரோடு கலந்து வருகிறது.

மீட்பால்ஸை அப்படி விடக்கூடாது. முழுத் துண்டில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும், சூட்டில் போய்விடும். அதனால் உள்சூடு 63 டிகிரி வந்து மூன்று நிமிடம் ஆறவிட்டால் சரி. கொத்தும்போது அந்த மேற்பரப்பு உள்ளே முழுக்கக் கலந்துவிடுகிறது. ஆகவே கொத்துக்கறிக்கு உள்வரை 71 டிகிரி வர வேண்டும். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் இருக்கும் வீட்டில் இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம்.

கேள்வி: முட்டை, சீஸ், பன்றிக்கறி சேர்ந்த கார்போனாரா பாஸ்தா செய்தால் முட்டை திரிந்து பொரியல் ஆகிறது. க்ரீம் சேர்த்துவிடட்டுமா?

க்ரீம் வேண்டாம் அண்ணா, அடுப்பை அணைத்தால் போதும். மஞ்சள் கரு 65 டிகிரியிலேயே கெட்டிப்படத் தொடங்கிவிடும். எரியும் அடுப்பின் மேல் முட்டையை ஊற்றினால் திரியாமல் என்ன செய்யும்? பாஸ்தாவையும் பன்றிக்கறியையும் புரட்டி, அடுப்பை அணைத்து, ஒரு நிமிடம் விட்டு, பிறகு முட்டையும் துருவிய பெக்கோரினோ சீஸும் கலந்ததை ஊற்றி வேகமாகக் கிளறுங்கள். கெட்டியாக இருந்தால் பாஸ்தா வெந்ததில் எடுத்து வைத்த தண்ணீர் இரண்டு கரண்டி. ரோம் நகரில் இதற்குக் குவான்சாலே என்ற பன்றிக் கன்னக்கறியைப் போடுவார்கள். பேக்கனும் நன்றாகவே இருக்கும், புகை வாசம் மட்டும் கூடுதலாக வரும்.

கேள்வி: பச்சைக் கோழியைக் கழுவித்தானே சமைக்க வேண்டும்?

கழுவ வேண்டாம். தெறிக்கும் தண்ணீரில் கிருமிகள் தொட்டிக்கும் பக்கத்துப் பாத்திரங்களுக்கும் பரவும், சமைக்கும் சூடுதான் அவற்றைக் கொல்லும். காகிதத் துண்டால் ஈரத்தை ஒற்றி எடுங்கள். ஈரம் போனால் கறி நன்றாகச் சிவக்கவும் செய்யும்.

கேள்வி: நல்ல பாஸ்தா பாக்கெட்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

சேர்மானத்தில் துரும் கோதுமை ரவை என்று இருக்கிறதா பாருங்கள். இத்தாலியில் உலர் பாஸ்தாவை அதில்தான் செய்ய வேண்டும் என்று 1967லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். புரதம் கூடுதலாக இருப்பதால் எளிதில் குழையாது. அப்புறம் மேற்பரப்பு. கண்ணாடி போல் மின்னாமல், மாவு பூசியது போல் சொரசொரப்பாக இருந்தால் வெண்கல அச்சில் பிழிந்தது. சாஸ் நன்றாகப் பிடிக்கும்.

கேள்வி: வாரத்தில் நான்கு நாள் சாஸேஜ் பாஸ்தா. தப்பா?

அவ்வளவு வேண்டாம். பதப்படுத்திய கறி புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் வகைப்படுத்தியிருக்கிறது. எப்போதாவது வைத்துக்கொள்ளுங்கள். அதே ருசி வேண்டுமென்றால் பன்றிக் கொத்துக்கறியில் பெருஞ்சீரகம், பூண்டு, மிளகு சேர்த்துப் பிசைந்து வறுத்தெடுங்கள். சாஸேஜ் ருசியில் பாதிக்கு மேல் அந்த மசாலாதான்.

கேள்வி: மிச்சமானதை எத்தனை நாள் வைக்கலாம்?

இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் போய்விட்டால் மூன்று, நான்கு நாள். முடிந்தால் சாஸைத் தனியாக வையுங்கள், சேர்த்து வைத்தால் பாஸ்தா சாஸை உறிஞ்சி ஊதிவிடும். சேர்த்தே வைத்துவிட்டீர்கள் என்றால் வாணலியில் இரண்டு கரண்டி தண்ணீர் தெளித்து, மூடி போட்டுச் சூடாக்குங்கள்.