மிக்ஸியைப் பிரிக்கும் பையனை ஏஎம்இ படிக்க வைக்கலாமா?

வணக்கம் அம்மா. உங்கள் மகன் எட்டாம் வகுப்பிலேயே மிக்ஸியைப் பிரித்து மாட்டியவன், எழுதச் சொன்னால்தான் சுணங்குகிறான், அதனால் ஏஎம்இ எனப்படும் விமானப் பராமரிப்புப் பொறியாளர் படிப்பில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கைவேலை தெரிந்திருப்பது நல்லதுதான். ஆனால் எழுத்து வேலையிலிருந்து தப்பிக்க இந்தப் படிப்புக்கு வர வேண்டாம். இங்கே பாதி வேலையே அதுதான்.

1990 ஜூனில் இங்கிலாந்தின் பர்மிங்காமில் நடந்ததைச் சொல்கிறேன். இரவுப் பணியில் ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்துக்கு முன்கண்ணாடி மாற்றினார் ஒரு பராமரிப்பு மேலாளர், நல்ல அனுபவசாலி. அந்தக் கண்ணாடிக்கு 8டி என்ற அளவு போல்ட் என்று ஸ்டோர் மேற்பார்வையாளர் வாய்விட்டே சொன்னார். அப்படியும் உதிரிபாகப் பட்டியலைப் புரட்டாமல், வெளிச்சம் குறைந்த இடத்தில் பழைய போல்ட்டோடு கண்ணளவில் ஒப்பிட்டு எடுத்தார். அந்தப் பழைய போல்ட்டே முன்பு தவறாகப் போடப்பட்டது, நீளம் போதாதது. எடுத்ததோ விட்டம் குறைந்தது, சுமார் 0.66 மில்லிமீட்டர். 90 போல்ட்டுகளில் 84 அப்படி. ஜூன் 10 காலை, 17,300 அடி உயரத்தில் கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. கேப்டனின் உடல் பாதிக்கு மேல் வெளியே இழுபட்டது. பணியாளர்கள் அவர் காலை விடாமல் பிடித்துக்கொள்ள, துணை விமானி சவுத்தாம்ப்டனில் இறக்கினார். கேப்டன் உட்பட எல்லோரும் பிழைத்தார்கள்.

பட்டியலைப் போலவே, பாகத்தோடு வரும் சான்றிதழையும் படித்துச் சரிபார்க்க வேண்டும். லண்டனின் ஏஓஜி டெக்னிக்ஸ் விற்ற இன்ஜின் பாகங்களுக்குப் போலிச் சான்றிதழ் என்று 2023-இல் தெரிந்ததும், பல நாடுகளில் இன்ஜின்களைத் தேடிக் கழற்ற வேண்டியதாயிற்று. முதலில் சந்தேகப்பட்டது போர்ச்சுகலின் டாப் (TAP) விமான நிறுவனத்தின் பராமரிப்புப் பிரிவு.

சரி, சேர்ப்பதென்றால்: பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், கணிதம் வேண்டும். கல்லூரிக்கு, விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் கார்-147 (பராமரிப்புப் பயிற்சி நிறுவனங்களுக்கான விதி) ஒப்புதல் இருக்கிறதா என்று டிஜிசிஏ இணையதளத்திலேயே பாருங்கள். விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டாதீர்கள். கல்லூரிச் சான்றிதழ் வேறு, லைசென்ஸ் வேறு. டிஜிசிஏ தேர்வுகளும் நேரடிப் பணி அனுபவமும் முடித்தால்தான் லைசென்ஸ்.

அதற்கு முன் வீட்டில் ஒன்று செய்யுங்கள். மிக்ஸியை மறுபடி பிரிக்கச் சொல்லுங்கள், ஆனால் ஒவ்வொரு திருகையும் கழற்றியதும் எது, எங்கிருந்து என்று நோட்டில் எழுதச் சொல்லுங்கள். கடைசித் திருகு வரை எழுதியிருந்தால், அந்த நோட்டோடு அவனை என்னிடம் அழைத்து வாருங்கள்.