ஜாம் செய்யும்போதும் பழங்களைப் பாட்டிலில் அடைக்கும்போதும் சர்க்கரைக்குப் பதில் தேன் சேர்க்கலாமா? எவ்வளவு? கெட்டுப்போகாதா?

தாராளமாகச் சேர்க்கலாம், முறையாக அடைத்தால் கெடாது. பாகில் போட்டு அடைக்கும் பழத்துக்குத் தேன் எந்தத் தொல்லையும் தராது. ஜாமில்தான் கணக்கு இடிக்கும்.

பாட்டிலில் அடைத்த பழத்தைக் காப்பது அதன் புளிப்பும், மூடியபின் பாட்டிலோடு கொதிநீரில் வைத்து எடுப்பதும். சர்க்கரை அங்கே நிறத்துக்கும் வடிவத்துக்கும் ருசிக்கும் மட்டும்தான். வெறும் தண்ணீரில் அடைத்தாலும் பழம் நிற்கும். அதனால் 1 லிட்டர் தண்ணீருக்கு 250 கிராம் தேன் கலந்தால் இலேசான பாகு, 450 கிராம் கலந்தால் நல்ல இனிப்பான பாகு. இரண்டும் சரி. கொதிநீரில் வைக்கும் நேரத்தையும் தேன் மாற்றாது. செய்முறையில் 20 நிமிடம் என்றிருந்தால் 20 நிமிடமேதான்.

முக்கியமான எச்சரிக்கை, அத்தியும் தக்காளியும். இவற்றின் பி.எச். (புளிப்பின் அளவு, எண் கூடினால் புளிப்பு குறைவு) பாதுகாப்பு எல்லையான 4.6-ஐ ஒட்டியோ தாண்டியோ இருக்கும். அரை லிட்டர் பாட்டிலுக்கு 1 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு கட்டாயம். புளிப்பு ஒரே சீராக இருக்கும் என்பதால் கடையில் பாட்டிலில் விற்கும் சாறு நல்லது. தேனுக்கும் கொஞ்சம் புளிப்பு உண்டுதான், ஆனால் அதை நம்பி எலுமிச்சையைக் குறைக்கக் கூடாது.

இனி ஜாம். "சர்க்கரையில் முக்கால் பங்கு தேன்" என்று எல்லோரும் சொல்வது கப் அளவு. எடை அளவு அல்ல. இந்தக் குழப்பத்தில்தான் பாதி ஜாம்கள் தண்ணீராகப் போகின்றன. ஒரு கப் சர்க்கரை 200 கிராம். முக்கால் கப் தேன் ஏறக்குறைய 255 கிராம். தேனில் 17–18 சதவீதம் தண்ணீர் போக மீதி கிட்டத்தட்ட எல்லாம் சர்க்கரைதான், அதாவது 209 கிராம். கணக்கு சரியாகிவிடுகிறது. ஆனால் தராசில் 750 கிராம் சர்க்கரைக்கு முக்கால் பங்கு என்று 560 கிராம் தேனை நிறுத்துப் போட்டால், உள்ளே போகும் சர்க்கரை 460 கிராம்தான். ஜாம் கட்டியாகாது, திறந்தபின் சீக்கிரம் பூஞ்சையும் பிடிக்கும். எடைக் கணக்கில் 750 கிராமுக்கு ஈடு 915 கிராம் தேன். அதோடு 165 கிராம் தண்ணீரும் வரும், அது வற்றியாக வேண்டும்.

அதை வற்றவைக்கத் தேனை நெடுநேரம் கொதிக்க விடாதீர்கள். தேனில் ஃப்ரக்டோசும் குளுக்கோசும் தனித்தனியாக இருப்பதால் சர்க்கரையைவிட வேகமாகக் கருகும். நிறம் பழுப்பாகும், லேசான கசப்பும் ஏறும். பழத்தையும் எலுமிச்சைச் சாற்றையும் முதலில் தனியாக வேகவைத்து, அந்த 165 கிராம் குறையும்வரை சுண்டவைத்த பிறகு தேனை ஊற்றுங்கள். தேன் பொங்கி நுரைக்கும், எனவே கலவையைப்போல் மூன்று மடங்கு கொள்ளும் அகலமான பாத்திரம் வேண்டும்.

தெர்மாமீட்டரும் இங்கே ஏமாற்றும். தேனிலுள்ள எளிய சர்க்கரைகள் அதே எடைச் சர்க்கரையைவிடக் கொதிநிலையை அதிகம் உயர்த்துபவை. சர்க்கரை ஜாம் பதம் வரும் 104–105 டிகிரியை எட்டியும் தேன் ஜாம் இன்னும் இளகலாகவே இருக்கலாம். குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு, ஒரு நிமிடம் கழித்து விரலால் தள்ளிப் பாருங்கள். மேலே சுருக்கம் விழுந்தால் பதம். எப்படியானாலும் சர்க்கரை ஜாம் அளவு கெட்டியாக வராது, அதை எதிர்பார்க்கவும் வேண்டாம்.

ஜாமைக் கட்டவைக்கும் பெக்டின் பொடி போடுபவர்கள் முழுவதும் தேனாக மாற்றாதீர்கள். அந்தப் பொடிக்குச் சர்க்கரை அளவும் புளிப்பும் பொருந்தினால்தான் கட்டும். 5–6 பாட்டில் வரும் சிறிய அளவில் 1 கப் சர்க்கரையை மட்டும் தேனாக மாற்றுவது பத்திரம். கால்சியத்தோடு சேர்ந்து கட்டும் பெக்டின் வேறு ரகம். சர்க்கரையே இல்லாமலும் கட்டும். தேன் மட்டும் போட்டுச் செய்ய வேண்டுமானால் என் ஓட்டு அதற்குத்தான். இனிப்பு குறைத்துச் செய்த ஜாமைத் திறந்தபின் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மூன்று வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும்.

வெளிர் நிறத் தேனாகப் பாருங்கள். அடர்நிறத் தேன் ஸ்ட்ராபெர்ரி, பேரிக்காய் போன்ற மென்மையான மணங்களை அமுக்கிவிடும். பாதி சர்க்கரை, பாதி தேன் என்று கலந்தால் மணமும் நிற்கும், கட்டும் ஓரளவு சரியாக வரும்.

ஜாம் பாட்டிலில் மேலே கால் அங்குலம், பாகுப் பழத்துக்கு அரை அங்குலம் இடம் விடுங்கள். ஜாம் பாட்டில்களைக் கொதிநீரில் 10 நிமிடம், உயரமான இடங்களில் 15 நிமிடம் வையுங்கள்.

தேன் சேர்த்த எதையும் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய, பொட்டுலிசம் என்ற கொடிய நச்சு நோயைத் தரும் கிருமியின் வித்துகள் கொதிநீர்ச் சூட்டில் சாகாது. "நன்றாகக் கொதித்ததுதானே" என்ற சமாதானம் இதில் செல்லாது.